கணினி கேள்வி – பதில்: மூலநிரலை ஒப்படைக்கும் முன் எதைப் பார்ப்பது?

கே: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து லாஸ்பேட்டையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்குக் கொள்முதல், இருப்பு, பில் ஆகியவற்றுக்கான மென்பொருளை எழுதிக் கொடுத்து, நான்கு ஆண்டுகளாகப் பராமரித்தும் வந்தோம். இப்போது அவர்கள் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளப் போவதால், மூலநிரலை, ஒவ்வொரு மாற்றமும் ‘கமிட்’ ஆகப் பதிவான முழு கமிட் வரலாற்றோடு ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்திலும் அப்படியே இருக்கிறது. அந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளின் கோப்புறையை அப்படியே ஜிப் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, லிங்க்கை அனுப்பிவிடலாமா? அதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
– லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

ப: ஜிப் செய்யும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கணினியிலுள்ள அந்தக் கோப்புறையில் ஒப்படைக்க வேண்டிய நிரலும் இருக்கிறது, ஒப்படைக்கவே கூடாத பலவும் இருக்கின்றன. ஜிப் இரண்டையும் சேர்த்தே கட்டிவிடும். கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் ‘கிட்இக்னோர்’ பட்டியலில் சேர்த்ததால் களஞ்சியத்துக்குள் (கிட் பதிந்து வைக்கும் தொகுப்புக்குள்) போகாமல் தப்பிய, கடவுச்சொற்கள் இருக்கும் ‘.என்வ்’ கோப்பு, ஏதோ ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதற்காக வாடிக்கையாளரின் சர்வரிலிருந்து இறக்கி வைத்த தரவுத்தள டம்ப் (நகல்), எடிட்டர் விட்டுச் சென்ற தற்காலிகக் கோப்புகள் ஆகிய எல்லாமே அங்கேதான் கிடக்கின்றன.

இவற்றைவிட ஆபத்தானது, மறைவாக இருக்கும் ‘.கிட்’ என்ற உள் கோப்புறை. அதிலுள்ள ‘கான்ஃபிக்’ கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப் நிறுவனம் 2021 ஆகஸ்டில் கிட் செயல்பாடுகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திய பிறகு, கடவுச்சொல்லுக்குப் பதிலான டோக்கனை, இணையத்திலுள்ள களஞ்சியத்தைச் சுட்டும் ரிமோட் முகவரிக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. முகவரியின் நடுவே, ‘@’ குறிக்கு முன்னால், ‘ஜிஎச்பி’ என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் நீண்ட எழுத்துச்சரம் இருந்தால் அது உங்கள் டோக்கன்தான். அதற்கு நீங்கள் அளித்திருக்கும் உரிமையைப் பொறுத்து, ஜிப்பைப் பெறுபவர் உங்களுடைய மற்ற வாடிக்கையாளர்களின் களஞ்சியங்களையும் திறந்து பார்க்க முடியும். அதே ‘.கிட்’ கோப்புறையில்தான் ரெஃப்லாக் என்னும் பதிவேடும் இருக்கிறது. நீங்கள் ‘ரீசெட்’ செய்து கைவிட்டதாக நினைக்கும் கமிட்டுகளை, எந்தக் கிளையிலும் (தனித்தனியாக வளரும் கமிட் வரிசையிலும்) சேராதவை என்றாலும், வழக்கமான அமைப்பில் 30 நாள் வரைக்கும், மற்றவற்றை 90 நாள் வரைக்கும் அது நினைவில் வைத்திருக்கும்.

ஆகவே, ஒப்படைப்பதற்கென்றே தனிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத்தான் சோதிக்க வேண்டும். ‘கிட் கிளோன்’ கட்டளையை ‘மிரர்’ தெரிவுடன் கொடுத்தால் எல்லாக் கிளைகளும், குறிப்பிட்ட கமிட்டுகளுக்குச் சூட்டிய பெயர்களான டேக்குகளும் வந்துவிடும். உங்கள் கான்ஃபிக், கிட் தானாகவே இயக்கும் ஹூக் நிரல்கள், ரெஃப்லாக் ஆகியவை வராது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கணினிக்குள் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு கிளோன் செய்யும்போது, வேகத்துக்காக கிட் தன் உட்பொருள்களின் கிடங்கை மொத்தமாகவே எடுத்துக்கொள்ளும். எந்தக் கிளையிலும் இல்லாத அநாதைக் கமிட்டுகளும் அதோடு வந்துவிடும். ‘நோ-லோக்கல்’ என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கிளைகளிலிருந்தும் டேக்குகளிலிருந்தும் எட்டக்கூடியவை மட்டும் வரும். ‘மிரர்’ பிரதியில் முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் உங்கள் ‘ஸ்டாஷ்’ ஒதுக்கத்தில் கடைசியாக வைத்ததும் சேர்ந்து வரும் என்பதால், ‘கிட் ஃபார்-ஈச்-ரெஃப்’ கொடுத்து, வந்திருக்கும் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘டெஸ்ட்2’, ‘பழசு’, ‘டெமோ-வேற-கிளையன்ட்’ என்ற பெயர்களில் மறந்துபோன கிளைகள் இருந்தால் அவை இங்கே கண்ணில் படும்.

அடுத்து, வரலாற்றுக்குள் இறங்க வேண்டும். இப்போது கோப்புறையில் தெரியும் கோப்புகளில் தவறு ஏதும் இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். பெறுபவரின் கையில் போய்ச் சேர்வது நான்கு ஆண்டுகளின் ஒவ்வொரு நாள் நிலையும் ஆகும். ‘கிட் லாக்’ கட்டளையில் எல்லாக் கிளைகளையும் சேர்த்து, நீக்கப்பட்ட கோப்புகளை மட்டும் காட்டுமாறு ‘டிஃப்-ஃபில்டர்’ தெரிவில் ‘டி’ என்ற எழுத்தைக் கொடுங்கள். ஒரு காலத்தில் இருந்து, இப்போது இல்லாத கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். முதல் ஆண்டில் எவரோ அவசரத்தில் சேர்த்த ‘பேக்கப்.எஸ்க்யூஎல்’ கோப்பும், சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் தனிச்சாவியும், ஊழியர் சம்பள எக்செல் தாளும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் சிக்கும்.

கமிட் குறிப்புகளையும் தேடிப் பாருங்கள். ‘ரிமூவ் பாஸ்வேர்டு’, ‘கீ நீக்கப்பட்டது’, ‘சாரி, தவறுதலாகச் சேர்த்தது’ என்று நாம் நல்ல எண்ணத்தில் எழுதி வைக்கும் வரிகள், தேடி வருபவருக்குக் கைகாட்டி மரங்களாக நிற்கின்றன. அந்தக் கமிட்டின் மாற்றத்தைத் திறந்தால், சிவப்பு வரியில், முன்னால் ஒரு கழித்தல் குறியுடன், நீக்கப்பட்ட கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். குறிப்பிட்ட ஒரு கடவுச்சொல் எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று அறிய ‘கிட் லாக்’ கட்டளையிலேயே பெரிய ‘எஸ்’ என்ற தெரிவு இருக்கிறது. அது அந்தச் சொல்லின் எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் எடுத்துக் காட்டும்.

கண்ணால் தேடுவதோடு, ‘கிட்லீக்ஸ்’, ‘ட்ரஃபிள்ஹாக்’ ஆகிய இலவசக் கருவிகளில் ஒன்றையாவது முழு வரலாற்றின் மீது ஓடவிடுங்கள். அமேசான் மேகச் சேவையின் நீண்டகால அணுகல் சாவி ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கெழுத்தில் தொடங்கி மொத்தம் 20 எழுத்துகள் கொண்டது என்பது போன்ற வடிவங்களை அவை அறிந்திருப்பதால், வடிவம் உள்ள சாவிகளை நன்றாகப் பிடிக்கும். ‘கடலூர்123’ என்பது போல நாமே வைத்த கடவுச்சொல்லை அவை தவறவிடக்கூடும். ஸ்கேன் செய்த ஆவணம், பிடிஎஃப், எக்செல் ஆகியவற்றுக்குள் இருப்பதையும் அவற்றின் பொறுப்பில் விட்டுவிட முடியாது. அப்படிப்பட்ட கோப்புகளைப் பெயரால் கண்டுபிடித்து நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துச் சிறிய நிறுவனங்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய நிரலை எடுத்துப் பெயரையும் லோகோவையும் மாற்றி அடுத்தவருக்குக் கொடுப்பது நடைமுறை. அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் நெல்லிக்குப்பத்து வாடிக்கையாளருக்கு எழுதத் தொடங்கிய களஞ்சியத்திலிருந்தே பண்ருட்டிக்கான நிரல் கிளைத்திருந்தால், அதன் முதல் நூறு கமிட்டுகளில் முன்னவரின் ஜிஎஸ்டி எண், விலைப்பட்டியல், அவரிடம் சரக்கு வாங்குபவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். ஒரே தொழிலில் உள்ள இருவர் என்றால் அது வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். முதல் கமிட்டிலிருந்து வரிசையாகப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும், 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி எண், 11 எழுத்து கொண்ட ஐஎஃப்எஸ்சி குறியீடு, 12 இலக்க ஆதார் எண் ஆகிய வடிவங்களைத் தேடுமாறு கிட்லீக்ஸில் உங்கள் சொந்த விதிகளை எழுதிச் சேர்க்கலாம். உண்மையான மனிதர்களின் பெயரும் எண்ணும் சோதனைத் தரவாக உள்ளே இருந்தால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டியிருக்கும்.

எழுதியவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி ஆகியவை ஒவ்வொரு கமிட்டிலும் பதிவாகியிருக்கும். ‘கிட் ஷார்ட்லாக்’ அவற்றைத் தொகுத்துக் காட்டும். பயிற்சிக்கு வந்து போன மாணவர் தன் சொந்த ஜிமெயிலில் கமிட் செய்திருந்தால், அதை அப்படியே ஒப்படைக்கலாமா என்பதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

கே: மேற்படி போன்ற நிலைமைதான் எனக்கும். பேமென்ட் கேட்வேயின் லைவ் சாவியைத் தவறுதலாக கமிட் செய்துவிட்டோம். மறுநாளே அந்தக் கோப்பை நீக்கி இன்னொரு கமிட் போட்டுவிட்டோம். அது போதுமா? போதாது என்றால் வரலாற்றிலிருந்து எப்படி அழிப்பது?
– மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்

ப: போதாது. அழிப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கேட்வேயின் டாஷ்போர்டில் நுழைந்து, பழைய சாவியை ரத்து செய்து, புதியது வாங்கிவிடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அந்தக் கமிட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள், எந்தப் பேக்கப்பில் அது இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. ரத்தான சாவியை எவர் கண்டெடுத்தாலும் அதனால் பயனில்லை.

சாவி மாறிய பிறகு வரலாற்றைச் சுத்தம் செய்வதற்கு ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். பழைய ‘ஃபில்டர்-பிராஞ்ச்’ கட்டளைக்குப் பதிலாக இதையே கிட்டின் ஆவணங்களும் பரிந்துரைக்கின்றன. ஒரு கோப்பை அடியோடு எல்லாக் கமிட்டுகளிலிருந்தும் நீக்கவும், கோப்பை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட எழுத்துச்சரத்தை மட்டும் நட்சத்திரக் குறிகளாக மாற்றவும் அதில் தனித்தனித் தெரிவுகள் உள்ளன. புதிதாக எடுத்த கிளோனில்தான் அது இயங்கச் சம்மதிக்கும். வேலை முடிந்ததும் மூலக் களஞ்சியத்தைச் சுட்டும் ‘ஆரிஜின்’ இணைப்பைத் தானாகவே எடுத்துவிடும். கைத்தவறுதலாகப் பழைய களஞ்சியத்தின் மேலேயே புஷ் செய்துவிடக் (ஏற்றிவிடக்) கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. கருவி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய கமிட்டின் எண்ணிலிருந்தும் கணக்கிடப்படுவதால், ஓர் இடத்தில் கைவைத்தால் அதற்குப் பிந்தைய எல்லா எண்களும் மாறிவிடும். மாறியவற்றில் எழுதியவரை உறுதிசெய்யும் ஜிபிஜி கையொப்பம் இட்டிருந்தால் அதுவும் செல்லாது. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற பட்டியலை ‘கமிட்-மேப்’ என்ற கோப்பில் அந்தக் கருவியே எழுதி வைக்கும். பிழைப் பதிவேடுகளிலும் மின்னஞ்சல்களிலும் பழைய எண்களைக் குறிப்பிட்டிருப்பீர்கள் என்பதால், அந்தப் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். என்ன நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முழு வரலாறு தருவதாக ஒப்பந்தம் செய்துவிட்டுச் சொல்லாமல் மாற்றினால், பின்னால் நியாயமான காரணமும் சந்தேகமாகவே தோன்றும்.

உடன் வேலை செய்பவர்கள் தங்கள் பழைய கிளோனை வைத்துக்கொண்டு புஷ் செய்தால், நீக்கியது எல்லாம் ஒரே நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். எல்லோரும் பழையதை அழித்துப் புதிதாக கிளோன் எடுத்தார்களா என்று நேரில் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

கே: களஞ்சியம் இரண்டு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் தெருவில் மழை வந்தால் நெட் போய்விடும். கிளோன் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பென்டிரைவில் கொடுத்தால் பாதுகாப்பா? ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் போதுமா?
– வில்லியனூர் வாசகர்

ப: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு உங்கள் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. கிளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிட்டில் இல்லை. இந்த மாதிரி நிலைமைக்கு உதவுவதற்காகவே ‘கிட் பண்டில்’ என்ற கட்டளை இருக்கிறது. களஞ்சியத்தின் கிளைகள், டேக்குகள், வரலாறு ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்கும் அது; அந்தக் கோப்பை ‘ஆர்சிங்க்’ என்ற கோப்பு அனுப்பும் கருவி வழியாக அனுப்பினால், ‘பார்ஷியல்’ தெரிவைச் சேர்த்திருக்கும் பட்சத்தில், அறுந்த பிறகு வந்து சேர்ந்த பகுதியை மீண்டும் அனுப்ப வேண்டியிருக்காது.

பண்டில் கட்டும்போது பலர் ‘ஆல்’ என்று கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் ஸ்டாஷும் உள்ளே போய்விடும் என்பதால், ‘பிராஞ்சஸ்’, ‘டேக்ஸ்’ என்று குறிப்பிட்டுக் கொடுப்பதே நல்லது; அதோடு ‘ஹெட்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் மறுமுனையில் கிளோன் எடுப்பவருக்கு எந்தக் கிளையைத் திறப்பது என்று கிட்டுக்குத் தெரியாமல் வெறும் கோப்புறை நிற்கும். சப்மாட்யூல்கள் உள்ளே இணைத்துப் பயன்படுத்தும் தனிக் களஞ்சியங்கள் ஆகையால் பண்டிலில் சேரா. களஞ்சியத்துக்கு வெளியே வைக்க உதவும் எல்எஃப்எஸ் வழியாக வைத்த பெரிய கோப்புகளும் சேரா, அவற்றைச் சுட்டும் சில வரிகள் மட்டுமே சேரும். இரண்டையும் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு ஜிபி எதனால் ஆனது என்பதையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிடுங்கள். நிரல் எழுத்துகள் மட்டும் அவ்வளவு வராது. உள்ளே வீடியோவோ, தரவுத்தள டம்ப்போ, இன்ஸ்டாலர்களோ இருக்க வேண்டும். மூலக் களஞ்சியமே ஆழம் குறைத்து, அதாவது அண்மைய கமிட்டுகளை மட்டும், எடுத்த கிளோனாக இருந்தால், வரலாறு முழுமையாக இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டியதை அனுப்புவதற்கு முன், வெற்றுக் கோப்புறை ஒன்றில் அந்தப் பண்டிலிலிருந்தே கிளோன் எடுத்து, தரவு சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும் ‘கிட் எஃப்எஸ்சிகே’ ஓட்டி, மென்பொருளை ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். ‘பண்டில் வெரிஃபை’ கட்டளை பண்டிலின் அமைப்பு சரியா, அதைத் திறக்கத் தேவையான முந்தைய கமிட்டுகள் உள்ளனவா என்று சொல்லும். உங்கள் கையிலுள்ள கிளைகள் எல்லாம் அதில் வந்துவிட்டனவா என்பதை நீங்களே ஒப்பிட்டால்தான் தெரியும்.

பண்டிலில் எந்த மறையாக்கமும் கிடையாது. கிடைத்தவர் எவரும் திறக்கலாம். அதனால் பென்டிரைவா, இணையமா என்பதைவிட, கோப்பைப் பூட்டினீர்களா என்பதே கேள்வி. ஜிப்பின் பழைய பாதுகாப்பு முறை வலுவற்றது. ஏஇஎஸ் முறையில் பூட்டினாலும் சாதாரண ஜிப்பில் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். பெறுபவரின் பொதுச்சாவியை (பூட்டுவதற்காகப் பிறரிடம் தரும் சாவியை) வாங்கி, ஜிபிஜி அல்லது ‘ஏஜ்’ என்ற கருவியால் பூட்டி அனுப்புவது சிறந்த வழி. அவரால் மட்டுமே திறக்க முடியும் என்பதோடு, கடவுச்சொல்லைச் சொல்லி அனுப்ப வேண்டிய தேவையும் இராது. அவர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றால், 7-ஜிப்பில் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவைப் போட்டு நீண்ட கடவுச்சொல்லால் பூட்டி, அந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். பென்டிரைவின் மேலே சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டிய கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பையும் கணக்கிட்டு, 64 எழுத்து வரும் அதை, கோப்பு போகும் வழியில் அல்லாமல் வேறு வழியாகத் தெரிவியுங்கள். விண்டோஸில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’, லினக்ஸில் ‘ஷா256சம்’ அதைக் கணக்கிட்டுத் தரும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அவர் அதைத் திறக்காமல் உங்களை அழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கே: நான் எதிர்முனையில் இருக்கிறேன். எங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர் ‘.கிட்’ கோப்புறையோடு ஜிப் அனுப்பியிருக்கிறார். அப்படியே பிரித்துத் திறக்கலாமா?
– நெய்வேலி வாசகர்

ப: அனுப்பியவர் நல்லவராக இருக்கலாம், அவருடைய கணினியும் சுத்தமாக இருந்தது என்று எப்படித் தெரியும்? பிறர் அனுப்பிய ‘.கிட்’ கோப்புறையில் ஹூக் நிரல்களும், கான்ஃபிக் கோப்பில் வெளி நிரல்களை அழைக்கும் அமைப்புகளும் இருக்கக்கூடும். அந்தக் கோப்புறைக்குள் நின்று ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுப்பதுகூட அவற்றை இயக்கிவிடலாம். அதைத் தானாகக் கொடுத்துவிடும் எடிட்டர்களும் உண்டு. வேறொருவருக்கு உரிமையான கோப்புறையில் கிட் இயங்க மறுக்கும் ‘சேஃப்.டைரக்டரி’ பாதுகாப்பு 2022 ஏப்ரலில் வந்தது. ஆனால் ஜிப்பை நீங்களே பிரித்தால் கோப்புறை உங்கள் பெயரில்தான் உண்டாகும், ஆகவே அந்தப் பாதுகாப்பு இங்கே கைகொடுக்காது.

பண்டிலாக அனுப்பச் சொல்வது எளிது. பண்டிலில் ஹூக்கும் கான்ஃபிக்கும் வருவதில்லை. சப்மாட்யூல்களோடு கிளோன் செய்யும்போது வேறொருவரின் நிரல் இயங்க இடம்கொடுத்த ஒரு பிழை 2024 மே மாதம் திருத்தப்பட்டது. உங்கள் கிட் 2.45.1 பதிப்புக்கு முந்தையது என்றால், முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். நிரலைப் படித்துப் பார்க்கும் வரை துணை நிரல்களை இறக்கி நிறுவும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ போன்றவற்றை உங்கள் அன்றாடக் கணினியில் ஓட்ட வேண்டாம். அதற்கென்று ஒரு மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் தனித்து இயங்கும் இன்னொரு கணினி) வைத்துக்கொள்வது நல்லது. ‘எஃப்எஸ்சிகே’ பிழையில்லை என்று சொன்னால், தரவு சிதையாமல் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளே இருப்பது நல்ல நிரலா என்று அது பார்ப்பதில்லை.

கே: கமிட் எண்ணைக் கணக்கிடும் ஷா-1 முறை உடைக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். கிட்டின் கமிட் எண்களை இனி நம்பலாமா?
– சிதம்பரம் மாணவர்

ப: ஒரே ஷா-1 மதிப்பு கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2017 பிப்ரவரியில் உருவாக்கிக் காட்டின. அதே ஆண்டு வந்த கிட் 2.13 பதிப்பு முதல், இந்த வகை மோதலைக் கண்டறிந்து மறுக்கும் ஷா-1 நிரல் கிட்டில் இயல்பாகவே இருக்கிறது. அன்றாட வேலைக்கு நம்பலாம். ஒப்படைப்பின்போது கமிட் எண்ணை மட்டும் நம்பாமல், மேலே சொன்ன ஷா-256 மதிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் அலுவலகத்தில் கிட்டுக்குப் பதிலாக இன்னும் சப்வெர்ஷன்தான். இந்த எச்சரிக்கைகள் அதற்கும் பொருந்துமா?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர், கடலூர்

ப: பொருந்தும். ‘எஸ்விஎன்அட்மின் டம்ப்’ கொடுத்தால் முதல் திருத்தம் தொடங்கி எல்லாம் ஒரே கோப்பில் வரும்; நீக்கிய கோப்புகளும் அதில் இருக்கும். வேண்டாத பாதைகளை ‘எஸ்விஎன்டம்ப்ஃபில்டர்’ மூலம் வடிகட்டிப் புதிய களஞ்சியத்தில் ஏற்றி, ‘வெரிஃபை’ செய்து கொடுக்கலாம். சர்வரிலுள்ள களஞ்சியக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சப்வெர்ஷனின் சர்வர் நிரலான ‘எஸ்விஎன்சர்வ்’ பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் ‘கான்ஃப்’ கோப்புறையிலுள்ள ‘பாஸ்வேர்டு’ கோப்பில் எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் மறையாக்கம் இல்லாமல், பெயருக்கு நேராக வரி வரியாக எழுதப்பட்டிருக்கும்.